துன்பம் ஏன்? – ரஹ்மானின் அருளும் அடியார் படும் பாடும்

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் திருநாமம் கொண்டு தொடங்குகிறோம்.

ஐவேளைத் தொழுகையின் ஃபர்ளில் மட்டும் நாளொன்றுக்குப் 17 ரக்அத்துகள். அந்தப் பதினேழிலும் ஃபாத்திஹா ஓதி, நம் றப்பை ரஹ்மான் என்றும் ரஹீம் என்றும் அழைக்கிறோம். அழைத்துவிட்டு வெளியே வருகிறோம். நம் செட்டிநாட்டுச் சீமையில் மஃரிபு தொழுகை முடியும் நேரம் பள்ளிவாசல் வாசலில் யார் நிற்கிறார்கள்? காய்ச்சலில் துவளும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓதி ஊதிக்கொள்ள வந்த தாய்மார்கள் நிற்கிறார்கள். முஸ்லிம் பெண்களும் நிற்பார்கள். இந்துச் சகோதரிகளும் நிற்பார்கள். உள்ளே அருளாளன் என்று ஓதிய நாவின் ஈரம் காயுமுன்னே, வெளியே துன்பத்தின் முகத்தைக் காண்கிறோம்.

இறைவன் நல்லவன், அவனால் ஆகாதது ஒன்றுமில்லை. அப்படியானால் பச்சிளம் பாலகனுக்கு நோய் ஏன்? ஏழையின் குடிசை மீது வெள்ளம் ஏன்? இந்தக் கேள்வி கிரேக்க ஞானி எபிக்கூரஸின் பெயரால் பல நூற்றாண்டுகளாக வழங்கி வருகிறது. 1755 நவம்பர் 1ஆம் நாள் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் தரைமட்டமானபோது, புனிதர்கள் திருநாள் தொழுகைக்காக ஆலயங்களில் கூடியிருந்த மக்கள் பலர் அங்கேயே மாண்டனர். அன்று ஐரோப்பாவே இக்கேள்வியைக் கேட்டது. இன்று காரைக்குடிக் கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவர்களை அதட்டி அடக்குவது அறிவுடைமையன்று. ஆகவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

கேட்பது குற்றமா?

குற்றமன்று. ஆதம் (அலை) அவர்களைப் படைக்க நாடிய வேளையில், குழப்பம் விளைத்து இரத்தம் சிந்தும் ஒரு படைப்பையா பூமியில் ஆக்கப் போகிறாய் என்ற கருத்தில் மலக்குகள் வினவியதைத் திருமறை (2:30) எடுத்துரைக்கிறது. தீமை ஏன் என்ற வினா மனித இனம் தோன்றுமுன்பே எழுந்த வினா என்பது இதனால் விளங்கும். கேட்ட மலக்குகளை அல்லாஹ் சபிக்கவில்லை. அவர்கள் அறியாததைத் தான் அறிவதாகக் கூறினான். பின்னர் ஆதமின் கல்வியைக் காட்டினான். இப்ராஹீம் (அலை) அவர்களும் இறந்தோர் எவ்வாறு எழுப்பப்படுவர் என்று உள்ளம் அமைதி பெறும் பொருட்டுக் கேட்டார்கள் (2:260). ஆகவே ஈமானோடு கேட்கப்படும் கேள்வி ஈமானுக்குப் பகையன்று.

ஆனால் விடை என்ற பெயரில் வழங்கிவரும் சில பேச்சுகள் உண்மையில் விடையே அல்ல. அவற்றை முதலில் களைந்துவிட வேண்டும்.

முதல் தவறு: பட்டவனே பாவி என்பது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்குச் சுமத்திரா கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம். எழுந்த அலைகள் பல நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றன. நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் பெண்களும் மிகுதி. அந்நாட்களில் எல்லாச் சமயத்தாரிலும் சிலர், இது பாவிகளுக்கு வந்த தண்டனை என்று பேசினார்கள். மூன்று வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், என் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று திருப்பிக் கேட்டால் இவர்கள் என்ன சொல்வார்கள்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழி இதுவன்று. ஹிஜ்ரி 10இல் அவர்களுடைய அருமை மகனார் இப்ராஹீம் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தார். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. இப்ராஹீமின் மரணத்தால்தான் கிரகணம் என்று மக்கள் பேசத் தொடங்கினர். அது நாயகத்தின் பெருமையை உயர்த்தும் பேச்சுத்தான். எனினும் அவர்கள் அதை அனுமதிக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய சாவுக்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கினார்கள். இயற்கையின் நிகழ்ச்சியை இன்ன மனிதனுக்கு என்று முடிச்சுப் போடும் வாயிலை அன்றே அடைத்துவிட்டார்கள்.

இன்னும் கேளுங்கள். கொள்ளை நோயில் இறந்தவர், வயிற்று நோயில் இறந்தவர், நீரில் மூழ்கி இறந்தவர், இடிபாட்டில் சிக்கி இறந்தவர் ஆகியோரை ஷஹீதுகளின் வரிசையில் வைத்து எண்ணியிருக்கிறார்கள் நாயகம் அவர்கள். புகாரி ஷரீஃபில் இந்த ஹதீஸ் உள்ளது. நீரில் மூழ்கிய முஃமினை நபி (ஸல்) ஷஹீத் என்கிறார்கள். நாம் பாவி என்பதா? வேதனை வந்தால் அது அநீதி செய்தோரை மட்டும் பிடிப்பதில்லை என்று திருமறையும் (8:25) எச்சரிக்கிறது.

துன்பம் பாவத்தின் அடையாளமென்றால் நபிமார்களின் வரலாறு முழுவதும் பொருளற்றதாகிவிடும். அய்யூப் (அலை) நோயால் வாடினார்கள். யூசுஃப் (அலை) கிணற்றிலும் சிறையிலும் கிடந்தார்கள். நம் நாயகமோ பிறக்குமுன் தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில் தாயை இழந்தார்கள். ஃபாத்திமா (ரலி) அவர்களைத் தவிரத் தம் மக்கள் அனைவரையும் தம் வாழ்நாளிலேயே அடக்கம் செய்தார்கள்.

செல்வமும் வறுமையும்கூட இவ்வாறே. நம் சீமைக்கு இது புதிதன்று. இங்கிருந்து பர்மாவுக்குச் சென்று பெரும்பொருள் ஈட்டியோர் எத்தனை பேர்! 1941 டிசம்பர் 23ஆம் நாள் ரங்கூன் மீது குண்டு விழுந்தது. இலட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காடு மலை கடந்து நடந்தே திரும்பினர். பசியாலும் காலராவாலும் வழியில் மடிந்தோர் ஆயிரமாயிரம். நேற்று அரண்மனை போன்ற வீட்டில் இருந்தவர் இன்று கட்டிய துணியோடு வந்து நின்றார். அவர் நேற்று அல்லாஹ்வுக்கு உவப்பானவராகவும் இன்று வெறுப்பானவராகவும் ஆகிவிட்டாரா? இல்லை. செல்வம் கிடைத்தால் இறைவன் என்னைக் கண்ணியப்படுத்தினான் என்றும், சுருங்கினால் என்னை இழிவுபடுத்தினான் என்றும் மனிதன் எண்ணுகிறான். அவ்வாறல்ல என்று சூரத்துல் ஃபஜ்ரு (89:15-17) மறுக்கிறது. மறுத்த கையோடு அடுத்து என்ன கேட்கிறது பாருங்கள்! நீங்கள் அநாதையைக் கண்ணியப்படுத்தவில்லையே என்று கேட்கிறது. இந்தத் திருப்பத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கு வருவோம்.

இரண்டாம் தவறு: எல்லாம் கத்ர் என்று கைகட்டி இருப்பது

கழா கத்ரை நம்புவது ஈமானின் கடமை. ஆனால் சோம்பலுக்கும் கல்நெஞ்சுக்கும் கத்ரைப் போர்வையாக்குவது ஈமானன்று. அல்லாஹ் தந்ததிலிருந்து ஏழைக்குச் செலவு செய்யுங்கள் என்றால், அல்லாஹ் நாடினால் அவனே உணவளித்திருப்பானே, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்போரைச் சூரா யாஸீன் (36:47) காட்டுகிறது. அப்பேச்சு யாருடையது என்று அந்த வசனத்தைப் பாருங்கள்: அது காஃபிர்களின் பேச்சு! பிறர் துன்பத்தைக் கண்டு, அது அவன் விதி என்று சொல்லி நகர்ந்துவிடும் முஸ்லிம், தன்னை அறியாமல் யாருடைய வார்த்தையை எடுத்துப் பேசுகிறான்?

ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) ஷாம் நாட்டை அம்வாஸ் என்னும் கொள்ளை நோய் வாட்டியது. அங்கே சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்தில் செய்தி கேட்டு, கலந்தாலோசித்துத் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடை பகர்ந்தார்கள். நோய் விதியென்றால் காப்பும் விதியே. எந்த நோய்க்கும் மருந்தை இறக்காமல் அல்லாஹ் விடவில்லை என்ற கருத்தில் வரும் நபிமொழியும் இதையே உணர்த்துகிறது.

நம் சீமை மக்களுக்கு இதை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஆறு பாயாத வறண்ட பூமி இது. வானம் பொய்த்தால் விதி என்று நம் முன்னோர் படுத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு ஊர் ஊரணி வெட்டினார்கள்; கண்மாய் கட்டினார்கள்; வீட்டுக் கூரையின் மழைநீரையும் முற்றத்தில் சேர்த்தார்கள். மழை அவன் அருள். ஊரணி வெட்டும் கையும் அவன் அருளே.

மூன்றாம் தவறு: ஆகவே இறைவனே இல்லை என்பது

பகுத்தறிவு பேசும் நண்பர்கள், இத்தனை துன்பமுள்ள உலகுக்கு நல்ல இறைவன் இருக்க முடியாது என்பார்கள். அவர்களுள் பலர் பிறர் துயரம் கண்டு உருகியே இதைச் சொல்கிறார்கள். ஆகவே ஏளனம் செய்யாமல் விடை கூறுவோம்.

இது அநீதி என்று நாம் கொதிக்கிறோமே, அந்த நீதியின் அளவுகோல் எங்கிருந்து வந்தது? உலகம் வெறும் மண்ணும் நீரும் என்றால், அலை அடித்தது, மனிதன் செத்தான் என்பதோடு கணக்கு முடிந்தது. அங்கே அநீதி என்ற சொல்லுக்கே இடமில்லை. கொதிக்கும் நெஞ்சு, இவ்வுலகம் இப்படி இருந்திருக்கக் கூடாது என்று சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியை நெஞ்சில் எழுதியவன் யார்?

மேலும், இறைவனை நீக்கிவிட்டால் துன்பம் நீங்குவதில்லை; ஆறுதல்தான் நீங்குகிறது. அலையில் போன பிள்ளைக்கு இவ்வுலகில் எவரும் ஈடு செய்ய முடியாது. மறுமை இல்லையென்றால் அந்தக் கணக்கு என்றென்றும் தீராத கணக்கு. அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் காணப்படும் ஒரு நாள் உண்டு (99:7-8) என்று நம்புவோர்க்கே கணக்கு தீரும் என்ற நம்பிக்கை உண்டு. சிறு வயதில் இறந்த குழந்தைகள் இப்ராஹீம் (அலை) அவர்களைச் சூழ்ந்திருக்கக் கண்ட நாயகத்தின் கனவு புகாரியில் வந்துள்ளது. நபிமார்களின் கனவு வஹீ என்பதை நாம் அறிவோம்.

இமாம்கள் சொன்னது என்ன?

இக்கேள்வி நம் உலமாக்களுக்குப் புதிதன்று. அல்லாஹ் ஒவ்வொரு அடியானுக்கும் மிக நலமானதையே செய்தாக வேண்டும் என்று முஃதஸிலாக்கள் வாதிட்டனர். பஸராவில் அவர்களின் தலைவராயிருந்த ஜுப்பாயீயிடம் அவர் மாணவர் அபுல் ஹஸன் அஷ்அரீ (ரஹ்) அவர்கள் கேட்டதாக நூல்களில் ஒரு விவாதம் வழங்குகிறது.

மூன்று சகோதரர்கள். ஒருவர் நல்லடியாராக வாழ்ந்து இறந்தார். ஒருவர் காஃபிராக வாழ்ந்து இறந்தார். ஒருவர் குழந்தையாகவே இறந்தார். நல்லடியாருக்கு உயர் பதவி கிடைத்தது. அதைக் கண்ட குழந்தை, எனக்கும் ஆயுள் தந்திருந்தால் நானும் வணங்கி அப்பதவியை அடைந்திருப்பேனே என்றால்? நீ வளர்ந்தால் வழிகெடுவாய் என்று அறிந்து உன் நலத்துக்காகவே எடுத்துக்கொண்டேன் என்று இறைவன் கூறுவான் என்றார் ஜுப்பாயீ. அப்படியானால் நரகத்திலிருக்கும் சகோதரன், என்னையும் குழந்தையிலேயே எடுத்திருக்கலாமே என்று கேட்பானே, அதற்கு என்ன விடை என்றார் மாணவர். ஆசிரியரிடம் விடையில்லை.

இதன் படிப்பினை யாது? இறைவன் ஒவ்வொரு செயலையும் இன்ன காரணத்துக்காகவே செய்தான் என்று நாம் அவனுக்காகக் கணக்கு எழுதத் தொடங்கினால், கணக்கு நம் கையில் நிற்காது. அவன் ஹிக்மத் உடையவன், அநீதி செய்யாதவன் என்று உறுதியாக அறிகிறோம். ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சியின் ஹிக்மத்தும் நமக்குக் காட்டப்படவில்லை. இமாம் மாதுரீதீ (ரஹ்) அவர்கள் இறைவனின் ஹிக்மத்தை வலியுறுத்தினார்கள். ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், இருக்கும் இந்த அமைப்பைவிடச் சிறந்த அமைப்பு இயலாது என்ற கருத்தை இஹ்யாவில் எழுதினார்கள். அதைப் பற்றிப் பின்வந்த உலமாக்கள் பல நூற்றாண்டுகள் வாதிட்டனர். அவ்வாறு வாதிட்டோரும் அல்லாஹ்வின் நீதியை ஐயுறவில்லை. நம் அறிவு எவ்வளவு தூரம் எட்டும் என்பதிலேயே கருத்து வேற்றுமை.

சூரத்துல் கஹ்ஃபில் (18:60-82) மூஸா (அலை) அவர்களின் பயணமும் இதையே கற்பிக்கிறது. கப்பல் துளைக்கப்பட்டது, சிறுவன் கொல்லப்பட்டான், சுவர் கூலியின்றி எழுப்பப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் மறைவான காரணம் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காரணத்தைச் சொன்னவர் அல்லாஹ்வால் அறிவிக்கப்பட்ட கிழ்ரு (அலை). நாமோ கிழ்ரு அல்லர். பிள்ளையை இழந்தவரிடம் சென்று, உம் பிள்ளை வளர்ந்தால் கெட்டிருப்பான், அதனால்தான் அல்லாஹ் எடுத்துக்கொண்டான் என்று சொல்ல நமக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. காரணம் உண்டு என்று நம்புவது ஈமான். இன்னதுதான் காரணம் என்று நாமே சொல்வது துணிச்சல்.

அலைக்கும் கரைக்கும் இடையில் இரண்டு மணி நேரம்

இயற்கையின் சீற்றம் என்று நாம் சொல்வதிலும் மனிதனின் பங்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பூமியின் மேலோடு பெரும்பாறைத் தட்டுகளாக அமைந்து மெல்ல நகர்கிறது. மலைகள் எழுவதும் மண் புதுப்பிக்கப்படுவதும் அந்த நகர்வினாலேயே. நிலம் நடுங்குவதும் அதனாலேயே. உயிர் வாழ்வதற்குரிய பூமியின் ஒழுங்கிலேயே ஆபத்தும் கலந்திருக்கிறது.

ஆனால் 2004இல் சுமத்திராவில் நிலம் நடுங்கிய பிறகு அலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பசிபிக் கடலில் எச்சரிக்கை மையம் 1949 முதலே இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று அத்தகைய ஏற்பாடு இல்லை. இரண்டு மணி நேரம் கடற்கரையிலிருந்து மேட்டுக்கு நடந்து போகப் போதாதா? சொல்ல ஆளில்லை. பின்னர் 2007இல் ஹைதராபாத்தில் நம் நாட்டுக்கென எச்சரிக்கை மையம் அமைந்தது. 2012 ஏப்ரலில் அதே சுமத்திரா அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை உடனே வந்தது. மக்கள் கரையை விட்டு அகன்றனர்.

பிள்ளைகளை முடமாக்கிய இளம்பிள்ளைவாதத்தைப் பாருங்கள். சொட்டு மருந்தால் 2011 ஜனவரிக்குப் பின் நம் நாட்டில் இயற்கையாகப் பரவும் அந்தக் கிருமியால் புதிதாக ஒரு பிள்ளையும் முடமாகவில்லை. 2014இல் இந்தியா இந்நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. நேற்று இறைவன் ஏன் அனுமதித்தான் என்று கேட்ட துன்பங்களுள் எத்தனையோ, நீக்கும் ஆற்றலை நம் கையில் தந்துவிட்டு அவன் நம்மைப் பார்த்திருந்த துன்பங்கள்! நிலத்திலும் கடலிலும் குழப்பம் தோன்றியது மனிதரின் கைகள் தேடியவற்றால் என்ற திருமறைக் கருத்தை (30:41) இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி நம் பக்கம் திரும்புகிறது

இப்போது சூரத்துல் ஃபஜ்ரின் திருப்பத்துக்கு வருவோம். மனிதன், இறைவா, எனக்கு ஏன் என்று கேட்கிறான். திருமறை, அநாதைக்கு நீ என்ன செய்தாய் என்று திருப்பிக் கேட்கிறது. முஸ்லிம் ஷரீஃபில் வரும் ஹதீஸ் குத்ஸீ ஒன்று இன்னும் அச்சமூட்டுவது. மறுமையில் அல்லாஹ், நான் நோயுற்றிருந்தேன், நீ பார்க்க வரவில்லை என்ற கருத்தில் அடியானிடம் கேட்பான். அகிலத்தின் றப்பாகிய உன்னை நான் எப்படி நோய் விசாரிப்பேன் என்று அடியான் திகைப்பான். இன்ன அடியான் நோயுற்றிருந்தான். அவனிடம் சென்றிருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாய் என்ற கருத்தில் விடை வரும். துன்பம் நேரும்போது இறைவன் எங்கே இருந்தான் என்று கேட்கிறோமே! துன்புறுபவனின் கட்டிலருகே தன்னைத் தேடச் சொல்கிறான் அவன்.

2004இல் இதைச் செயலில் காட்டியோரும் இருந்தனர். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அண்டையிலிருந்த மீனவ மக்களைத் தம் ஊருக்குள் அழைத்து உணவும் உடையும் இடமும் தந்தார்கள். நாகூர் தர்காவின் நிலத்தில் மதம் பாராமல் மையித்துகள் அடக்கம் செய்யப்பட்டன. யார் பாவி, யார் புண்ணியவான் என்று அங்கே எவரும் விசாரிக்கவில்லை.

நம் காரைக்குடியிலேயே ஒரு சான்று உண்டு. 1909இல் கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் நீண்டகால நோயால் வருந்தி, 48 வயதும் நிரம்பாமல் 1957இல் மறைந்தார். அந்நோயைச் சாக்காக வைத்து அவர் உலகத்தை வெறுக்கவில்லை. 1947இல் கல்லூரி கண்டார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கென 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தார். அதன் நிழலில் இன்று நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். சமயம் வேறாயினும், துன்புற்றவன் பிறர்க்குப் பயன்பட முடியும் என்பதற்கு அவர் வாழ்வு நம் கண்முன் உள்ள பாடம்.

துக்க வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

இந்தப் பாடத்தின் பயன் துக்க வீட்டில்தான் தெரியும். ஆகவே நடைமுறைக்குச் சில:

1. அழுவோரைத் தடுக்காதீர்கள். மகனார் இப்ராஹீமுக்காக நாயகத்தின் கண்கள் நீர் சொரிந்தன. கண்ணீர் ஸப்ருக்கு மாறானதன்று; இறைவனைப் பழிக்கும் சொல்லே மாறானது.

2. காரணம் கற்பிக்காதீர்கள். கண்ணேறு, அவர் செய்த பாவம், இன்ன நேரத்தில் புறப்பட்டது என்று எதையும் பேசாதீர்கள். அந்நேரத்தில் பேச்சு குறைவாயிருப்பதே மேல்.

3. உணவு கொண்டு செல்லுங்கள். ஹிஜ்ரி 8இல் மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்ததும், அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) பணித்தார்கள். துக்க வீட்டாரையே சமைக்க வைத்து நாம் உண்டு வருவது அந்த சுன்னத்துக்கு நேர் எதிர்.

4. நாற்பது நாள் கழிந்த பின்பும் செல்லுங்கள். விதவையின் வாடகை, அநாதையின் பள்ளிக் கட்டணம், வாங்கிய கடன் ஆகியவை அதன் பிறகே கழுத்தை நெரிக்கும். மஹல்லா ஜமாஅத்தின் ஸகாத்தும் ஸதக்காவும் அங்கே சேர வேண்டும்.

5. ஈமான் தளர்ந்து பேசுவோரை உடனே கண்டிக்காதீர்கள். வலியில் பிறந்த சொல் அது. யஃகூப் (அலை) மகனைப் பிரிந்த துயரத்தால் கண்கள் வெளுக்கும் அளவு வருந்தினார்கள் (12:84). தம் முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்தார்கள். அந்த வாசலை மென்மையாகக் காட்டுங்கள்.

அன்புச் சகோதர சகோதரிகளே! துன்பம் ஏன் என்ற கேள்விக்கு முழு விடையும் இவ்வுலகில் நமக்குத் தரப்படவில்லை. தரப்பட்டவை மூன்று: அல்லாஹ் தன்மீது ரஹ்மத்தைக் கடமையாக்கிக்கொண்டான் என்ற வாக்குறுதி (6:12), எந்தக் கணக்கும் விடுபடாத ஒரு நாளின் உறுதி, அதுவரை ஒருவர் கண்ணீரை ஒருவர் துடைக்க நமக்குத் தந்த கைகள். முதல் இரண்டும் அவன் பொறுப்பு. மூன்றாவது நம் பொறுப்பு. அதைப் பற்றித்தான் நாம் கேட்கப்படுவோம்.

சோதனையில் ஸப்ரையும், நலத்தில் ஷுக்ரையும், பிறர் துயரில் இரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.